தண்டையார்பேட்டை வாடகை வீட்டுக்கு சிம் ரூட்டர்: எதை வாங்கலாம்?

நேதாஜிநகர்வாசி | வெள்ளி, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் இரண்டாம் மாடி, வாடகை வீடு. நான்கு பேர் இருக்கிறோம். மனைவிக்கு மெடிக்கல் பில்லிங் வேலை, வாரத்தில் ஐந்து இரவு வீட்டிலிருந்தேதான். மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு, மகன் பிளஸ் டூ.

இதுவரை கேபிள் வழியாக நெட் இருந்தது. தெரு முனையில் கன்டெய்னர் லாரி திரும்பும்போது மேலே தொங்கும் கேபிள் அதில் மாட்டி அறுந்துவிடுகிறது. இரண்டு மாதத்தில் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஆள் வந்து ஒட்டிக் கொடுக்க இரண்டு நாள், மூன்று நாள் ஆகிறது. கடைசியாக அறுந்தபோது மனைவி ஷிஃப்டில் இருந்தார். அன்றைய சம்பளம் போயிற்று. வேறு இடத்தில் கேட்டால் புதிதாக ஃபைபர் இழுத்துச் சுவரில் துளை போட வேண்டும் என்கிறார்கள். ஓனர் போன வருடம்தான் பெயின்ட் அடித்தார், துளை என்ற பேச்சையே எடுக்க விடமாட்டார்.

என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மூன்று வாரம் சமாளித்தோம். ராத்திரி முழுக்க சார்ஜிலேயே கிடந்து பேட்டரி உப்பி, பின்பக்க மூடி பிரிந்துவிட்டது. அதனால் சிம் போடும் ரூட்டர் வாங்கலாம் என்று முடிவு செய்தோம். 5000 ரூபாய் வரை போகலாம். கடையில் மூன்று விலையில் மூன்று பெட்டி காட்டினார்கள். எல்லாப் பெட்டியிலும் 4ஜி, அதிவேகம் என்றுதான் இருக்கிறது. என்ன வித்தியாசம் என்று கேட்டால் விலை வித்தியாசத்தைத்தான் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மூலக்கடை_கேமரா | வெள்ளி, இரவு 10.55

சிசிடிவி வேலை செய்கிறேன். மாதவரம், மணலி பக்கம் லாரி யார்டுகளில் கேபிள் போகாத இடங்களில் சிம் ரூட்டர்தான் போட்டுக் கொடுக்கிறேன், இதுவரை முப்பதுக்கு மேல் போட்டிருப்பேன். கேமராவுக்கு இருப்பதிலேயே விலை குறைந்ததும் போதும். ஆனால் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவருக்கு அது போதுமா என்று எனக்கே சந்தேகம். எந்த சிம் போடப் போகிறீர்கள்?


பெரம்பூர்_ரயிலடி | வெள்ளி, இரவு 11.10

எங்கள் வீட்டிலும் சிக்னல் வராது. கடைத்தெருவில் ஒருவர் பூஸ்டர் விற்கிறார். மாடியில் ஒரு ஆன்டெனா, வீட்டுக்குள் ஒரு பெட்டி. ரூட்டரோடு அதையும் வாங்கி மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறேன். நான் இந்த மாதம் வாங்குவதாக இருக்கிறேன்.


அலைவரிசை | சனி, காலை 6.15

பெரம்பூர் நண்பர் தயவுசெய்து அதை வாங்காதீர்கள். மொபைல் பூஸ்டரை அனுமதி இல்லாமல் தனியார் வைத்திருப்பதும் விற்பதும் நம் நாட்டில் சட்டப்படி குற்றம். தொலைத்தொடர்புத் துறை பல தடவை அறிவித்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அது செய்யும் வேலையைப் பாருங்கள். நல்ல சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். போனில் சிக்னல் கோடு ஏறும், நெட் வேகம் ஏறாது. அதோடு டவரின் காதிலேயே இரைச்சலைக் கொட்டும், உங்கள் தெரு முழுக்கப் பேச்சு அறுபடும். எண்ணூர், மணலி பக்கம் இருபத்திரண்டு வருடம் டவர் ஏறி வேலை பார்த்தவன் நான். ஒரு மொட்டை மாடியில் இருந்த பூஸ்டரைக் கண்டுபிடிக்க நான்கு நாள் அலைந்திருக்கிறோம். அந்த நான்கு நாளும் அந்தப் பகுதியில் ஆம்புலன்ஸுக்குக்கூட சரியாக போன் போகவில்லை.

நேதாஜி நகர் தம்பிக்கு: ரூட்டர் சிக்னலை உண்டாக்காது. வீட்டுக்கு வந்து சேர்வதை வாங்கித்தான் பிரித்துக் கொடுக்கும். அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டை அளந்து பாருங்கள். போனில் தெரியும் சிக்னல் கோடுகளை எண்ணாதீர்கள், ஒவ்வொரு போன் கம்பெனியும் அதை ஒவ்வொரு விதமாகக் காட்டும். இரண்டு எண் வேண்டும்.

முதல் எண் ஆர்எஸ்ஆர்பி, சிக்னலின் பலம். மைனஸில் வரும். மைனஸ் 80 மிக நல்லது, மைனஸ் 90 நல்லது, மைனஸ் 100 பரவாயில்லை, மைனஸ் 110 தாண்டினால் கஷ்டம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் போய் சிம் ஸ்டேட்டஸில் டிபிஎம் என்று காட்டுவது இதுதான். ஐபோனில் *3001#12345#* அடித்தால் ஒரு பக்கம் திறக்கும்.

இரண்டாவது எஸ்ஐஎன்ஆர், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி. 20க்கு மேல் அருமை, 13க்கு மேல் நன்று, பூஜ்யத்துக்கு அருகே வந்தால் எவ்வளவு பலம் இருந்தாலும் பிரயோசனம் இல்லை. இதை நெட்வொர்க் செல் இன்ஃபோ மாதிரி ஒரு ஆப் போட்டுத்தான் பார்க்க முடியும்.

நான்கைந்து இடத்தில் பாருங்கள். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு தடவை. ராத்திரி அளவுதான் உண்மையான அளவு, ஏனென்றால் ஊரே அப்போதுதான் வீடியோ பார்க்கிறது. வேகம் பார்க்க டிராயின் மைஸ்பீட் ஆப் போதும். முடிந்தால் இரண்டு கம்பெனி சிம்மிலும் பாருங்கள்.


கடலோரக்காற்று | சனி, காலை 9.30

அண்ணே, ஐயா சொன்ன அந்த இரண்டு எண் எங்கள் காசிமேட்டு மீன் ஏலம் மாதிரி. விடிகாலையில் வார்ப்பில், அதாவது படகு அணையும் மேடையில், நின்று பாருங்கள். ஏலம் விடுகிறவர் பக்கத்திலேயே நின்று கத்துவார், சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் சுற்றிலும் இன்னும் இருபது பேர் கத்துகிறார்கள், என்ன விலை என்று காதில் விழாது. சத்தம் அந்த முதல் எண். விலை காதில் விழுவது இரண்டாவது எண்.


எருக்கஞ்சேரி_டீச்சர் | சனி, மதியம் 2.05

எவ்வளவு டேட்டா ஆகும் என்று யாரும் கேட்கவில்லையே சார். ரூட்டர் ஒருநாள் செலவு, டேட்டா மாதாமாதம்.

நான் கணக்குப் போட்டது இது. டிவியில் எச்டி படம் ஒரு மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும். தரத்தைக் குறைத்து வைத்தால் 1 ஜிபிக்குள் வரும். முகம் காட்டிப் பேசும் வகுப்பு ஒரு மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஜிபி. முகத்தை அணைத்துக் குரல் மட்டும் என்றால் அதில் சின்ன பங்குதான். சாதாரண ரீசார்ஜில் ஒரு நாளைக்கு 2 ஜிபி, இல்லை இரண்டரை. அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், வாட்ஸப்பில் ஒரு படம்கூட இறங்காது. நான்கு பேரும் ஒரே ரூட்டரில் தொங்கினால் மதியத்துக்குள் காலியாகிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல் இரண்டும் அளவில்லாத 5ஜியை ஒரு நாளைக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் ரீசார்ஜுக்கு என்று மாற்றின. அது 5ஜி போனில்தான் கிடைக்கும். அதே சிம்மை 4ஜி ரூட்டரில் போட்டால் 4ஜி கணக்குதான் ஓடும். இது தெரியாமல் என் தங்கை வீட்டில் முதல் நாளே 2 ஜிபி தீர்ந்து, ரூட்டர் கெட்டுவிட்டது என்று கடையில் போய்ச் சண்டை போட்டு வந்தார்கள். ரூட்டரில் ஒரு குறையும் இல்லை.


நேதாஜிநகர்வாசி | சனி, இரவு 7.40

டீச்சர், இதை நான் யோசிக்கவே இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரிடமும் 5ஜி போன் இருக்கிறது. அவர்கள் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளட்டும், ரூட்டர் மனைவியின் லேப்டாப்புக்கும் மகளின் பிராஜெக்ட் வேலைக்கும் மட்டும் என்று வைத்தால்?


எருக்கஞ்சேரி_டீச்சர் | சனி, இரவு 8.10

அப்படியென்றால் நிச்சயம் தாங்கும். டிவியை மட்டும் அந்த வைஃபையில் சேர்க்காதீர்கள்.


புளியந்தோப்பு_1975 | சனி, இரவு 9.00

நான் வேறு மாதிரி சொல்கிறேன். ஃபைபர் கிடைக்கும் இடத்தில் சிம் ரூட்டருக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேகத்தைச் சொல்லவில்லை. மற்ற ஊர் கம்ப்யூட்டரை இங்கிருந்து இயக்கும் வேலைக்கு ஒரு சொடுக்குப் போய்த் திரும்பும் நேரம்தான் முக்கியம். நல்ல ஃபைபரில் நெட் கம்பெனி வரை போய் வர அது பத்து மில்லி விநாடிக்குள்கூட வரும். 4ஜியில் முப்பது, ஐம்பது, கூட்ட நேரத்தில் நூறுக்கு மேலும் போகும். ஓனரிடம் இன்னொரு தடவை பேசுங்கள். துளையே வேண்டாம், ஜன்னல் சட்டத்தின் இடுக்கு வழியாக மெல்லிய ஃபைபர் வரும்.


அலைவரிசை | சனி, இரவு 9.25

அவர் சொல்வது நியாயம். ஃபைபர் ஒழுங்காக இருந்தால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அவர் தெருவில் அறுவது வீட்டு வாசலில் இல்லை, தெரு முனையில். ஓனர் சம்மதித்தாலும் கன்டெய்னர் லாரி நிற்கப் போவதில்லை. எந்தக் கம்பெனி இழுத்தாலும் அதே கம்பத்தில்தான் கட்டுவார்கள்.


நேதாஜிநகர்வாசி | ஞாயிறு, இரவு 11.15

அளந்துவிட்டோம். பொறுமையாகப் படியுங்கள், நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்திருக்கிறது.

மகள் பழைய ரெக்கார்ட் நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டு என் கூடவே வந்தாள். நான் போனைப் பிடித்தேன், அவள் எழுதினாள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை பார்த்து நடுவில் உள்ளதை எடுத்தோம். கம்பெனி பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் அடுத்த தெருவில் இது தலைகீழாக இருக்கலாம். கீழே இருப்பதெல்லாம் எங்கள் வீட்டில் தேறிய சிம்மின் ராத்திரி அளவு.

ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மைனஸ் 104, எஸ்ஐஎன்ஆர் 4, வேகம் 2 எம்பிபிஎஸ். ரூட்டரை அங்கேதான் வைப்பதாக இருந்தேன்.

படுக்கையறையில் கோடு முழுசாக இருந்தது. மைனஸ் 88, எஸ்ஐஎன்ஆர் 8. ஆனால் வேகம் 4தான். ஆப்பில் பேண்ட் 5 என்று காட்டியது, அலைவரிசையின் எண்ணாம்.

மொட்டை மாடிதான் சிறந்த இடம் என்று நினைத்தேன். சின்டெக்ஸ் டேங்க் மேடையில் ஏறி நின்றால் கடல் பக்கம் துறைமுகத்தின் கிரேன் விளக்குகள், இந்தப் பக்கம் கொருக்குப்பேட்டை ரயில் யார்டு வரை தெரியும். கண்ணுக்கு ஐந்து டவர் தெரிகிறது. மைனஸ் 79 வந்ததும் மகள் கைதட்டினாள். எஸ்ஐஎன்ஆர் பார்த்தால் 2. வேகம் 6 எம்பிபிஎஸ். மூன்று தடவையும் அப்படித்தான்.

இறங்கி வந்தபோது மனைவி தோசை சுட்டுக்கொண்டிருந்தார். 'இங்கே யாரும் பார்க்கவில்லையே, எனக்கு இங்கேதான் எப்போதும் அம்மாவின் வீடியோ கால் நிற்காமல் வரும்' என்றார். சமையலறை ஜன்னலில் புளி ஜாடிக்குப் பக்கத்தில் போனை வைத்தோம். மைனஸ் 92. எஸ்ஐஎன்ஆர் 15. வேகம் 19, அப்லோடு 7. திரும்பத் திரும்பப் பார்த்தோம், வேகம் 17க்குக் கீழே இறங்கவே இல்லை.

மாடியைவிடப் பலம் குறைவு, வேகம் மூன்று மடங்கு. ஐயா, இது எப்படி?


அலைவரிசை | திங்கள், காலை 6.05

தம்பி, உங்கள் மகளுக்கு என் பாராட்டு. மூன்று தடவை பார்த்து நடுவில் உள்ளதை எடுப்பது பல இன்ஜினியர்கள் செய்யாத வேலை.

4ஜியில் பக்கத்துப் பக்கத்து டவர்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன. மாடியில் நின்றால் ஐந்து டவரும் உங்களைப் பார்க்கின்றன. ஒன்று உங்களுக்கு வேண்டியது, நான்கு இரைச்சல். கடலோரக்காற்று சொன்ன ஏலக்கூட்டத்தின் நடுவில் போய் நிற்கிறீர்கள். சமையலறை ஜன்னலுக்கு ஒரே ஒரு டவர்தான் தெரியும். மற்ற நான்கையும் உங்கள் கட்டடமே முதுகு காட்டி மறைக்கிறது. நம் வடசென்னை மாதிரி வீடும் டவரும் நெருங்கி நிற்கும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும். கிராமத்தில் ஒரே டவர் தூரத்தில் இருந்தால் மாடிதான் சரி. இங்கே மறைவும் வேண்டும்.

படுக்கையறை விஷயத்துக்கு வருகிறேன். பேண்ட் 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ். சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும், அதனால்தான் கோடு முழுசாக நிற்கிறது. ஆனால் அது ஒற்றையடிப் பாதை, அகலம் குறைவு. பேண்ட் 3 என்ற 1800, பேண்ட் 40 என்ற 2300 இரண்டும் அகலமான சாலை, சுவரில் தடுக்கி நின்றுவிடும். ஜன்னலோரம் வைத்தால் அந்த அகலமான சாலை உங்களுக்குக் கிடைக்கிறது. முழுக் கோடும் ஆமை வேகமுமாக இருக்கும் வீடுகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

சரி, பெட்டிக்கு வருவோம். விலை வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் கேட்டகரி என்ற எண். கேட் 4 என்றால் ஏட்டளவில் 150 எம்பிபிஎஸ், ஒரு நேரத்தில் ஒரு பேண்ட். கேட் 6 என்றால் 300, இரண்டு பேண்டை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும். டிபி-லிங்க்கில் எம்ஆர்100 கேட் 4, ஆர்ச்சர் எம்ஆர்600 கேட் 6. அந்த 150ம் 300ம் நம் வீட்டில் ஒருநாளும் வராது, அதற்காக வாங்க வேண்டாம். கூட்ட நேரத்தில் ஒரு பேண்ட் நிரம்பி வழியும்போது இன்னொன்று கைகொடுக்கும், அதற்குத்தான் கேட் 6. நான்கு பேர் டிவியோடு பார்ப்பதாக இருந்தால் கேட் 6 வாங்கச் சொல்லியிருப்பேன். ஒரு லேப்டாப், ஒரு ஷிஃப்ட் என்றால் எஸ்ஐஎன்ஆர் 15 உள்ள ஜன்னலில் கேட் 4 போதும்.

பெட்டியின் பின்பக்கம் பேண்ட் எண்களைப் படியுங்கள். 3, 5, 40 மூன்றும் கட்டாயம் வேண்டும், 1ம் 8ம் இருந்தால் நல்லது. பிஎஸ்என்எல் சிம் போடும் எண்ணம் இருந்தால் 28ம் 1ம் கட்டாயம், அவர்கள் 4ஜியை 28 என்ற 700லும் 1 என்ற 2100லும் தருகிறார்கள். வெளிநாட்டில் இருந்து வந்த பழைய ரூட்டர் மலிவாகக் கிடைக்கும், ஐரோப்பாவுக்குச் செய்தவை சிலவற்றில் 40 இருக்காது. இன்னொரு கம்பெனி சிம்மை ஏற்காதபடி லாக் போட்டதும் வரும். கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.


விம்கோநகர்_ஆர் | திங்கள், காலை 8.20

நாங்களும் இதே கஷ்டத்தில் இருக்கிறோம். ஒவ்வொரு பதிவாகப் படித்துக்கொண்டு வருகிறேன்.


மூலக்கடை_கேமரா | திங்கள், மதியம் 1.30

ஐயா சொன்னதற்கு மேல் கைவேலை சம்பந்தமாகச் சில விஷயம்.

வெளி ஆன்டெனா வாங்கி மாடியில் வைத்துப் பத்து மீட்டர் ஒயர் இறக்குகிறவர்கள் நிறைய. கடையில் கொடுக்கும் மெல்லிய ஆர்ஜி58 ஒயர் 2300 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபல் சிக்னலைத் தின்னும். பத்து மீட்டரில் பத்து டெசிபல் போய்விட்டது. ஆன்டெனா கூட்டிக் கொடுத்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கியதை ஒயர் குடித்துவிடும். அதற்குப் பதில் ரூட்டரையே சிக்னல் இருக்கும் ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள், அங்கிருந்து லேப்டாப்புக்கு லேன் ஒயர் இழுங்கள். லேன் ஒயர் நூறு மீட்டர் வரை ஒன்றும் குறைக்காது. தட்டை லேன் ஒயர் கதவுக்கு அடியிலேயே போய்விடும், ஓனர் கண்ணில் படாது. ராத்திரி ஷிஃப்டுக்கு வைஃபையைவிட லேன் ஒயர்தான் என் சிபாரிசு. நம் பக்கத்து நெருக்கமான தெருக்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரே இரைச்சல்.

சிம்முக்கு வரும் ஓடிபியை ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து படிக்கும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் சிம்மைக் கழற்றி போனில் போட வேண்டியிருக்கும். அப்புறம், வெளியிலிருந்து நேராக வீட்டுக் கேமராவுக்குள் நுழைய நினைப்பவர்களுக்கு: சிம் இணைப்பில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபிதான், அதாவது ஒரே நெட் முகவரிதான் கிடைக்கும், ரூட்டரில் போர்ட் என்ற வாசலைத் திறந்தும் பயன் இல்லை. கிளவுட் வழி, அதாவது கேமரா கம்பெனியின் சர்வர் வழியாக, பார்க்கும் கேமராவாக வாங்குங்கள்.


கடலோரக்காற்று | திங்கள், மாலை 5.45

வெளி ஆன்டெனா பற்றி என் அனுபவம். கடலிலிருந்து முந்நூறு அடியில் எங்கள் வீடு. போன வருடம் ஆன்டெனா மாட்டினேன். எட்டே மாதத்தில் இணைக்கும் திருகு பச்சை பூத்து, விரலால் திருப்பியதும் பொடியாக உதிர்ந்தது. சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, நான் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். உப்புக்காற்று எங்கள் படகு இன்ஜினையே தின்கிறது, இந்தப் பித்தளை எம்மாத்திரம். கடலோரம் இருப்பவர்கள் எதையும் வெளியே வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் இணைப்பின் மேல் இழுத்துச் சுற்றும் ரப்பர் டேப் போட்டு மூடுங்கள், ஒயரை ஒரு வளைவு தொங்க விட்டு உள்ளே எடுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

தகரக் கூரை வீட்டுக்காரர்களுக்கு: தகரம் சிக்னலை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். ஜன்னலும் வாசலும்தான் வழி.


பெரம்பூர்_ரயிலடி | திங்கள், இரவு 8.30

பூஸ்டர் எண்ணத்தை விட்டுவிட்டேன், நன்றி ஐயா. 5ஜி ரூட்டர் எப்படி? சென்னையில் 5ஜி வந்து வருடங்கள் ஆகிவிட்டனவே.


அலைவரிசை | செவ்வாய், காலை 6.20

2022 அக்டோபரிலேயே சென்னைக்கு வந்துவிட்டது. தனியாக விற்கும் 5ஜி ரூட்டர் இன்னும் 4ஜியைப் போலப் பல மடங்கு விலை. வாங்கினால் என்78 என்ற 5ஜி பேண்ட் கட்டாயம், ஜியோவுக்கு என்28ம், 4ஜியின் துணை இல்லாமல் தனித்த 5ஜியில் ஓடும் வசதியும் வேண்டும். அதைவிட கம்பெனியே தரும் ஏர்ஃபைபர், அதாவது டவரின் 5ஜி சிக்னலிலேயே வீட்டுக்கு நெட் தரும் இணைப்பு, மேல். ஜியோ அதை 2023 செப்டம்பர் 19 அன்று சென்னை உட்பட எட்டு நகரங்களில் தொடங்கியது. பொதுவாக மாடியில் ஒரு பெட்டி மாட்டி ஒயர் இறக்குவார்கள். சொந்த வீடு என்றால் தாராளமாகப் போங்கள், டேட்டாவும் அதிகம். ஓனர் மனம் வைக்காத வாடகை வீட்டில்தான் சிக்கல்.


எருக்கஞ்சேரி_டீச்சர் | செவ்வாய், இரவு 9.15

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள் சார். ரூட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, உள்ளங்கை அளவுதான். உங்கள் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று படித்துவிட்டு அதே வோல்ட்டில் வாங்குங்கள். ரூட்டர் சில வாட்தான் இழுக்கும், இரண்டு மூன்று மணி நேரம் ஓடும்.

ஆனால் பெரிய மழைக்கு அது மட்டும் போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். என் யுபிஎஸ்ஸில் சார்ஜ் இருந்தது, ரூட்டர் விளக்கு எரிந்தது, டவர் செத்துவிட்டது. டவரிலும் பேட்டரிதானே, டீசல் கொண்டுவர வண்டி வர முடியவில்லை. மாடி வீட்டு அம்மாவிடம் வேறு கம்பெனி சிம் இருந்தது, அது மட்டும் விட்டு விட்டு வந்தது. அதில்தான் என் அண்ணனுக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொன்னேன். அதிலிருந்து ரூட்டரில் ஒரு கம்பெனி, என் போனில் இன்னொரு கம்பெனி. ஒரே வீட்டில் எல்லா சிம்மும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.


நேதாஜிநகர்வாசி | அடுத்த வியாழன், இரவு 10.50

வாங்கியாயிற்று. கேட் 4, பேண்ட் 3, 5, 40 மூன்றும் உள்ளது, ஓடிபி படிக்கும் வசதியும் உண்டு. யுபிஎஸ், தட்டை லேன் ஒயர் பதினைந்து மீட்டர் எல்லாம் சேர்த்து 5000க்குள் முடிந்தது. கடையில் என் சிம்மைப் போட்டுப் பார்த்த பிறகே காசு கொடுத்தேன். டீச்சர் சொன்னபடி என் போனை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டேன்.

சமையலறை ஜன்னலில் புளி ஜாடி இருந்த இடத்தில் ரூட்டர் உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குப் படும் என்று மனைவி பக்கவாட்டில் ஒரு பலகை அடித்து அதன் மேல் வைக்கச் சொன்னார். அடுப்பிலிருந்து நான்கடி தள்ளி இருக்கிறது. லேன் ஒயர் கதவடி வழியாகப் படுக்கையறை மேசைக்குப் போகிறது.

இதுவரை ஐந்து ஷிஃப்ட். ஒரு தடவைகூட அறுபடவில்லை. வேகம் ராத்திரி ஒன்பதரைக்கு 16, நள்ளிரவுக்கு மேல் 30 தாண்டுகிறது. சொடுக்கு போய் வர நாற்பது மில்லி விநாடி. புளியந்தோப்பு நண்பர் சொன்னது உண்மைதான், கேபிளில் இருந்த சுறுசுறுப்பு இல்லை என்று மனைவியும் சொன்னார். வேலைக்கு இடைஞ்சல் இல்லை, பழகிவிட்டது என்கிறார். ஒரு ஷிஃப்டுக்கு முக்கால் ஜிபிதான் ஆகிறது, மீதி மகளுக்கு.

நடுவில் செவ்வாய்க்கிழமை மட்டும் திடீரென்று 5 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது. அரை மணி நேரம் தேடினோம். தண்ணீர் லாரி வந்த அவசரத்தில் மகன் எவர்சில்வர் குடம் இரண்டை ஜன்னலுக்கும் ரூட்டருக்கும் நடுவில் வைத்திருந்தான். குடத்தை எடுத்ததும் 17.


அலைவரிசை | வெள்ளி, காலை 6.00

மிக்க மகிழ்ச்சி தம்பி. மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை திரும்ப அளந்து எழுதிவையுங்கள். டவரில் மாற்றம் செய்தால் நல்ல ஜன்னலும் மாறும். அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.


விம்கோநகர்_ஆர் | வெள்ளி, காலை 11.40

அண்ணா, ஒரு உதவி கேட்கலாமா? எங்கள் வீடு கீழ்த்தளம், மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். போனில் அளந்தால் வாசல் பக்கம் மட்டும் எஸ்ஐஎன்ஆர் 11 வருகிறது, மற்ற இடமெல்லாம் 5க்குக் கீழே. வாசலில் ரூட்டர் வைத்தால் பாதுகாப்பு இல்லை. என் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், தினமும் பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவாள். வாங்கிவிட்டு வேலை செய்யாமல் போனால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.


நேதாஜிநகர்வாசி | வெள்ளி, மதியம் 12.15

வாங்காதீர்கள் சகோதரி, முதலில் என்னுடையதை வைத்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு லீவு, ரூட்டர் சும்மாதான் இருக்கும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் விம்கோ நகருக்குச் சீக்கிரம் வந்துவிடலாம். யுபிஎஸ்ஸையும் எடுத்து வருகிறேன், பிளக் பாயின்ட் தேட வேண்டாம், கையில் பிடித்துக்கொண்டே வீடு முழுக்க நடந்து பார்க்கலாம். வாசல் கதவுக்கு மேலே உள்பக்கம் ஒரு பரண் மாதிரி இடம் இருந்தால் அங்கேயும் பார்ப்போம். ராத்திரி ஒன்பதரை வரை இருந்து அளந்துவிட்டுத்தான் கிளம்புவோம். மனைவியும் மகளும் கூட வருகிறார்கள், நோட்டு மகளிடம் இருக்கிறது.